மருமகனுக்கு, அந்தக் கார்பைன் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்செடுத்துக் கொடுத்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அமெரிக்காவில் நீ வாங்க நினைக்கும் அந்தப் பழைய ராணுவத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில். எம்-1 கார்பைன் நல்ல துப்பாக்கி. ஆனால் விற்பவர் சொல்வதுபோல அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் துப்பாக்கி அல்ல. பேரலில் முன்குறிக்குப் பின்னால் 1943 என்று தேதி குத்தியிருக்கிறது. அதே பேரலின் நுனியில் பயனெட் மாட்டும் முளையோடு ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையம் இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் வந்த சாமான். பின்குறியும் திருகி ஏற்றி இறக்கும் வகை. ஆரம்பத்தில் இருந்தது இரண்டு ஓட்டை போட்ட வெறும் தகடு. சேஃப்டியைப் பார். முதலில் அது ஒரு பொத்தானாக இருந்தது. பக்கத்திலேயே மேகசினை விடுவிக்கும் பொத்தானும் இருந்ததால், அவசரத்தில் சேஃப்டி என்று நினைத்து அதை அழுத்தி, மேகசினைக் காலடியில் போட்டுவிட்டு நின்ற சிப்பாய்கள் பலர். அதனால்தான் பிறகு திருப்பும் நெம்புகோலாக மாற்றினார்கள். நீ அனுப்பிய படத்தில் இருப்பது நெம்புகோல். ஆக, இந்தத் துப்பாக்கி ஒருமுறையாவது ராணுவப் பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது.

இதைக் குறையாக நினைக்காதே. ஏன் என்று புரிய, இது எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ராணுவத்தில் எல்லோரும் முன்வரிசையில் நின்று சுடுபவர்கள் அல்ல. லாரி ஓட்டுபவர், சமையல்காரர், மார்ட்டர் தூக்குபவர், கம்பி இழுக்கும் சிக்னல்காரர் என்று பாதிப் படை வேறு வேலையில் இருக்கும். அவர்களுக்கும் ஆயுதம் வேண்டும். அமெரிக்கர்களின் கேரண்ட் ரைஃபிள் நாலே கால் கிலோவுக்கு மேல்; அதைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பி இழுக்க முடியாது. .45 பிஸ்டலைக் கொடுத்தால் இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பால் பெரும்பாலானவர்களுக்குக் குறி தப்பும். 1938-லேயே காலாட்படைக்காரர்கள் இலகுவான ஒன்றைக் கேட்டார்கள். வின்செஸ்டர் கம்பெனி முதலில் தோட்டாவைச் செய்து கொடுத்தது. பிறகு, போட்டிக்கு மற்றவர்கள் அனுப்பிய மாதிரிகள் திருப்தி தராததால், தானே சுமார் இரண்டு வாரத்தில் ஒரு மாதிரியைச் செய்து காட்டியது. 1941 அக்டோபரில் அதையே ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு மாதத்துக்குள் பேர்ல் ஹார்பர் தாக்குதல். எடை ஏறத்தாழ 2.4 கிலோ, மேகசினில் 15 ரவுண்டு.

இதன் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? பேரலுக்கு அடியில், உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன பிஸ்டனில். சுட்டதும் பேரலிலிருந்து கொஞ்சம் வாயு அதன்மேல் அடிக்கும். அது நாலு மில்லிமீட்டர்கூட நகராது. கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதுபோல எதிரே இருக்கும் ஸ்லைடை ஒரு தட்டுத் தட்டும், அவ்வளவுதான். அந்த வேகத்திலேயே ஸ்லைடு பின்னால் ஓடிப் போல்ட்டைத் திறந்து, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங் தள்ள, அடுத்த தோட்டாவோடு திரும்பி வரும். முப்பது வருஷம் ஆர்மரராகத் துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு குறைவு.

இந்தப் பிஸ்டன் யோசனை டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவருடையது. வட கரோலினாக்காரர். திருட்டுச் சாராயம் காய்ச்சியவர். 1921-ல் நடந்த ரெய்டில் ஒரு துணை ஷெரிஃப் சுடப்பட்டு இறந்தார். வில்லியம்ஸ் கொலைக்குற்றத்தில் உள்ளே போனார். சிறைப் பட்டறையில் பழுது பார்க்கும் வேலை கிடைக்க, அங்கேயே துப்பாக்கி மாதிரிகள் செய்தார். 1929-ல் தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து 1952-ல் படமே வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒருவரே கார்பைனைக் கண்டுபிடித்ததாக நம்பிவிடாதே. வின்செஸ்டரில் ஒரு குழுவே உழைத்தது. இவர் அந்தக் குழுவோடு ஒத்துப்போகாமல் தனியே ஒன்று செய்துகொண்டிருந்தார். சினிமாவுக்குக் குழு ஒத்துவராது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. போர் முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். செய்த கம்பெனிகளைப் பார்: தட்டச்சு இயந்திரம் செய்த அண்டர்வுட், கணக்கு இயந்திரம் செய்த ஐ.பி.எம்., காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி செய்த ராக்-ஓலா, தபால் முத்திரை இயந்திரம் செய்த நேஷனல் போஸ்டல் மீட்டர். துப்பாக்கிக் கம்பெனி என்று சொல்ல வின்செஸ்டர் மட்டும்தான். எல்லோரையும்விட அதிகமாக, இருபத்தாறு லட்சம் அளவுக்குச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு. அவர்கள் அதற்கு முன் கார் ஸ்டீயரிங் வீல் செய்தவர்கள். அந்த ஆலை நீ இப்போது குடியிருக்கும் டேட்டன் நகரத்தில்தான் இருந்தது! உன் படத்தில் பேரலில் குத்தியிருப்பதும் இன்லேண்ட் பெயர்தான்.

இத்தனை கம்பெனி செய்தாலும் எந்தச் சாமானும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவரிடம் போல்ட் தீர்ந்தால் இன்னொருவர் அனுப்புவார். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பட்டறையில் பிரித்து, குவியலாகப் போட்டு, கழுவி, தேய்ந்ததைத் தள்ளிவிட்டு மறுபடி பூட்டினார்கள். எந்தப் போல்ட் எந்த ரிசீவரோடு, அதாவது உடற்கூட்டோடு, வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஆகவே ஒரே கம்பெனிச் சாமான் முழுக்க இருக்கும் கார்பைன் அபூர்வம். அபூர்வம் என்பதால் விலை. விலை என்பதால் போலி. சாமான்களைத் தேடி வாங்கிப் பூட்டி, கட்டையில் புதிதாக முத்திரையும் குத்தி, அசல் என்று விற்பவர்கள் உண்டு. 1963-ல் அமெரிக்க அரசு, அங்குள்ள தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு இதை 20 டாலருக்குக் கொடுத்தது. அதை நினைத்துக்கொண்டு பேரம் பேசு.

கொரியப் போரில் இந்தக் கார்பைனுக்குக் கெட்ட பெயர் வந்தது. பஞ்சுக் கோட்டு போட்ட சீனச் சிப்பாய்களைத் தோட்டா துளைக்கவில்லை என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிரில் எண்ணெய் உறைந்து திணறியது உண்மை. இருநூறு கெஜத்துக்கு அப்பால் தோட்டா தளர்ந்துவிடும் என்பதும் உண்மை. துளைக்காதது பெரும்பாலும் படாததாக இருக்கும். மலாயாவில் கெரில்லாக்களை எதிர்த்த அவசரநிலைக் காலத்தில் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் படைகளும் போலீசாரும் இதை விரும்பி எடுத்துப் போனார்கள். அங்கே எதிரி தெரிவதே முப்பது கெஜத்தில்.

இனிச் சட்டம். உனக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதால் பேசுகிறேன். உன் அறைத்தோழன் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான் என்றாய். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் அவன் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் ‘ஒரு ரவுண்டு சுட்டுப் பாருடா’ என்று பாசத்தில் நீட்டிவிடாதே. இரண்டாவது, 1944-ல் எம்-2 என்று தொடர்ந்து சுடும் வகை வந்தது. ரிசீவரின் இடப்பக்கம் ஒரு நெம்புகோல் இருந்தால் விலகிவிடு. பதிவில்லாத இயந்திரத் துப்பாக்கியாகக் கணக்கு வைப்பார்கள். நம் ஊரில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்கிறார்கள். உங்கள் ஊரில் எண்ணிக்கை தாராளம், தண்டனையும் தாராளம்.

சுடுவது பற்றிக் கொஞ்சம். முதலில் ஒரு கைதேர்ந்த கன்ஸ்மித்திடம் காட்டு. ரிகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றச் சொல், விலை அதிகமில்லை. கேஸ் பிஸ்டனை நீ கழற்றாதே, அதற்குத் தனிச் சாவி உண்டு. எங்கள் காலத்து .303-க்குச் சுட்டு முடித்ததும் பேரலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவோம், இல்லாவிட்டால் மறுநாளே துரு. கார்பைனுக்கு அமெரிக்கர்கள் தொடக்கத்திலிருந்தே துருப்பிடிக்க வைக்காத தோட்டாதான் செய்தார்கள். பழைய சீனத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் மட்டும் தொடாதே. பதினைந்து ரவுண்டும் தீர்ந்த பின் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். அதனால் தீர்ந்துவிட்டது என்று எண்ணி நம்பாதே. மேகசினை எடு, போல்ட்டை இழு, சேம்பருக்குள் விரல் விட்டுப் பார். பிறகுதான் கீழே வை.

என் முடிவு இது. ‘அசல்’ என்று கேட்கும் விலைக்கு வாங்காதே; பட்டறையில் பூட்டிய துப்பாக்கிக்கு உரிய விலை சொல், இறங்கினால் வாங்கு. வாங்கினால் பூட்டுள்ள இரும்புப் பெட்டியும் அதே நாளில் வாங்கு. என் அக்காவுக்கு, அதான் உன் அம்மாவுக்கு, நீயே போன் செய்து சொல்லிவிடு. என் வாயால் அந்தச் செய்தி போகாது.

இப்படிக்கு,
உன் மாமா