பூந்தமல்லிக்கு வரும் கம்பத்துத் திராட்சை

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் அமைந்த பூந்தமல்லிக்குப் பழம்பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் இவ்வூரில் அவதரித்து, நந்தவனம் வைத்து, இங்கிருந்து காஞ்சி வரதராஜருக்கு மலர் கொண்டு போய்ச் சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. அந்தச் செடிகளுக்கு எருவும் கிணற்று நீருமன்றி வேறென்ன கிடைத்திருக்கும்? இன்றோ வீடுகள் நெருங்கிவிட்டன. கனிகள் கோயம்பேட்டுச் சந்தை வழியாக வெளியூர்களிலிருந்து வருகின்றன. கடைவீதித் தள்ளுவண்டிகளில் கருநீலமாய்க் குவிந்திருக்கும் பன்னீர்த் திராட்சையின் பிறப்பிடம், சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் தேனி ஜில்லாவிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கு.

விடுமுறையில் நாம் அப்பள்ளத்தாக்குக்குச் சென்றிருந்தோம். மேற்கு மலைத்தொடரின் அடிவாரம். முல்லைப் பெரியாற்று நீர். கல்தூண்களை நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில், தலைக்கு மேலே குலைகள் தொங்குகின்றன. ஏனைய மாகாணங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. இப்பெருமைக்காகவே 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் கொடிக்கு ஓய்வில்லையெனில் நோய்க்கும் ஓய்வில்லை. மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் இலைகளைத் தின்கிறது. உடனே மருந்து, மறுமழைக்கு மறுபடி மருந்து. பந்தல் மேலே இருப்பதால் அண்ணாந்துதான் தெளிக்க வேண்டும். தெளித்ததில் ஒரு பங்கு தெளிப்பவர் முகத்திலேயே விழுகிறது. இயற்கை விவசாயத்தின்பால் திராட்சைக்காரருக்கு ஏற்படும் நாட்டத்தை வெறும் கொள்கைப் பற்றென்று எண்ணுவோர், இக்காட்சியை ஒருமுறை காண வேண்டும். பிரெஞ்சு தேசத்தில் 2012-ல், பூச்சிமருந்தினால் விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சன் வியாதியைத் தொழில்நோயாகவே சர்க்கார் அங்கீகரித்தது. அங்கே ஒயின் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இயற்கை முறைக்கு மாறியிருப்பதற்கு, நல்ல விலையோடு இந்த அச்சமும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், அடிச்சாம்பலுக்கு முதல் மருந்து பிறந்ததும் அந்நாட்டில்தான். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார்கள். அக்கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை 1882-ல் மில்லார்தே என்னும் பேராசிரியர் கவனித்தார். அதுவே போர்டோ கலவை. இயற்கை முறையிலும் இதற்கு அனுமதியுண்டு. எனினும் செம்பு மண்ணில் தங்கிவிடுமாதலால், ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாதென்று வரம்பிட்டிருக்கிறார்கள்.

நம்மவர்க்கோ ஒயின் அல்ல, உண்ணும் பழமே முக்கியம். 2010-ல் நம் நாட்டுத் திராட்சையில் குளோர்மெக்வாட் என்னும் மருந்தின் எச்சம் இருந்ததென்று ஐரோப்பியர் பெட்டி பெட்டியாக நிராகரித்தார்கள். உள்ளூர்த் தள்ளுவண்டியில் அத்தகைய பரிசோதனை எங்கே? பழத்தின்மேல் வெண்மையாகப் படிந்திருப்பதை மருந்தென்று எண்ணி நம் வீட்டுப் பெண்மணிகள் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது பெரும்பாலும் பழத்தின் இயற்கையான மெழுகு. எச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, பஞ்சகவ்யம், சூடோமோனாஸ் முதலியவற்றைக் கொண்டு மாற முயல்வோருக்குக் கடையிலே கடன் குறைகிறது. மாட்டுக் கொட்டில் மீண்டும் உயிர் பெறுகிறது. ஆயினும் திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, இயற்கை விளைபொருள் என்ற சான்று பெற 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை விளைச்சல் குன்றினாலும் விலை சாதாரண விலையே. தமிழ்நாட்டு அரசாங்கம் 2023-ல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது நல்ல காரியம். இந்த 3 ஆண்டு நஷ்டத்தில் ஒரு பங்கைத் தாங்க, பழம் வாங்கும் நாம் தயாராக இருக்கிறோமா? பூந்தமல்லி வண்டியில் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் அடுத்த வண்டிக்கு நகர்கிறவர்களல்லவா நாம்!