கரடிக்காகப் பேசினோம்

வழக்கம்போல ஆபீஸ்ல ஆணி அதிகம். அலாஸ்காவுக்கு ஓடினா அங்கேயும் ஆணி! சிட்டினாவுல இருந்து மெக்கார்த்திக்கு 60 மைல் ஜல்லி ரோடு. 1911லேருந்து 1938 வரை கென்னிகாட் செம்புச் சுரங்கத்துக்கு ஓடின ரயில் பாதை மேல போட்டது. பழைய தண்டவாள ஆணி இன்னும் மண்ணுலேருந்து எட்டிப் பாக்குமாம், டயர் பத்திரம்னு சொல்லி அனுப்பினாங்க.

அந்த 60 மைலும் காருக்குள்ள மயான அமைதி. தங்கமணி என்கூடப் பேசி நாலு நாள். திருச்சியில மாமியார் தனியா இருக்காங்க, ஊருக்கே போயிடலாம்ங்கறது அவ கட்சி. கிரீன் கார்டு வரட்டும்ங்கறது என் கட்சி (அது வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும், அது வேற கதை). டிக்கெட் காசு திரும்ப வராதுன்னுதான் ரெண்டு பேரும் கிளம்பினதே.

ஆத்துக்கு இந்தப் பக்கமே காரை நிறுத்திட்டு, நடைபாலத்துல மூட்டையோட நடந்து கேபினுக்குப் போனோம். விறகு அடுப்பு, ஒரு கட்டில், அவ்வளவுதான். கரண்ட் இல்லை, நெட் இல்லை. க்ளேசியர் தெரியும்னு சொன்ன திசையில பாத்தா சாம்பல் கலர்ல மண்மேடு. சுரங்கத்துக் கழிவைக் காட்டி ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சேன். மறுநாள்தான் தெரிஞ்சுது, அந்த மேடு அத்தனையும் பனியாறுதான். மலையை அரைச்சுக் கொண்டுவந்த கல்லை மேல போர்வையா போத்திக்கிட்டுக் கிடக்கு. அடியில முழுக்க ஐஸ்.

விஷயம் அது இல்லை. கக்கூஸ் வெளியில, புதருக்கு நடுவுல, ஒரு அறுபதடி தூரம். கரடி நடமாடுற இடம், தனியா போகாதீங்க, சத்தமா பேசிக்கிட்டே போங்கன்னு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மனுஷ சத்தம் கேட்டா அது ஒதுங்கிப் போயிடுமாம். திடீர்னு எதிர்ல போய் நின்னாத்தான் ஆபத்து.

ராத்திரி 12 மணி. ஜூலைங்கறதால முழுசா இருட்டலை. தங்கமணி கதவுகிட்ட நிக்கறா. நான் கரடி ஸ்ப்ரேயோட பின்னாடி.

"ஏதாவது பேசும்மா, கரடி வந்துடும்."

"வீட்டுல நான் கரடியா கத்தினப்ப காது கேக்கலை. இப்ப கரடிக்காகப் பேசணுமா?"

பேசினா. நாலு நாள் பாக்கியும் சேத்து, புதரைப் பாத்து, "கரடியாரே, இவரு அஞ்சு வருஷமா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்ங்கறாரு"ன்னு ஆரம்பிச்சு. போன மாசம் அவங்கம்மா குளியலறையில வழுக்கி விழுந்ததை அங்கதான் முதல்ல கேட்டேன். ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு, "நீங்க மீட்டிங்ல இருந்தீங்க"ன்னா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. "பேசுங்க, கரடி வந்துடும்"னா.

மறுநாள் ரூட் க்ளேசியர் மேல, ஷூவுல முள்ளு மாட்டிக்கிட்டு நடந்தோம். அங்க ஐஸ் வெள்ளை வெளேர்னு இருக்கு, குழியில நீலமா தண்ணி. போட்டோ அடுத்த பதிவுல.

கடைசி ராத்திரியும் தங்கமணி எழுப்பினா. அவளுக்கு அவசரம் ஒண்ணும் இல்லைன்னு பாதி வழியிலதான் புரிஞ்சுது.

டிசம்பருக்கு டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கேன். ஒன்வேயா ரிட்டர்னான்னு இன்னும் பஞ்சாயத்து முடியலை :-)