சூரியனுக்கு லைன் எங்கிருந்து வருகிறது

ஆகாயத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதில் தகராறு இல்லை. நம் தெற்குக் கோடிக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளைகளில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததால்தான் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963ல் ராக்கெட் விட்டார்கள்.

துருவப் பக்கத்தில் இப்படி ஒன்றைச் சொன்ன நார்வேக்காரர் பிர்கலாந்துக்கு மட்டும் அங்கீகாரம் தாமதமாயிற்று. 1900களின் தொடக்கத்தில், காற்று நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்து, மின்சாரம் பாய்ச்சி, துருவ ஒளியைச் செய்து காட்டினார். விண்வெளியிலிருந்து காந்தக் கோடுகள் வழியே மின்னோட்டம் இறங்குகிறது என்றார். பிற்பாடு சாப்மன் போன்ற கணித மேதைகள் அதை ஏற்கவில்லை. அவர் இறந்தது 1917ல். செயற்கைக்கோள் அந்த மின்னோட்டத்தைக் கண்டது 1960களில். புறக்கணிக்கப்பட்டவன் ஜெயித்த கதை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதே மாதிரிப் பெட்டிக்குள் சனியின் வளையங்களையும் அவர் செய்து காட்டினார் என்பதைச் சௌகரியமாக விட்டுவிடுவோம். வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். ஒன்றில் அவர் கண்டது காரணம். மற்றதில் வெறும் ஜாடை. நம் விமர்சனத்திலும் இந்த வியாதி உண்டு. இரண்டு படிமங்கள் ஒன்றுபோல் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று எழுதிவிடுகிறோம்.

ஜாடையை வைத்துச் சொந்தம் கொண்டாடுவதன் உச்சம் மின்சாரச் சூரியன். அமெரிக்க எஞ்சினியர் ஜூர்கன்ஸ் 1970களில் சொன்னது: சூரியன் தன்னுள் எரியவில்லை, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒளிரும் விளக்கு. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இதை நம்புகிறவர். 1962ல் ஓட ஆரம்பித்து 2020ல் நிறுத்தப்பட்ட நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவர்.

"தம்பி, சூரியனோட மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரிகூட இல்லை. சுத்தியிருக்கிற கரோனா பத்து லட்சம் டிகிரி. அடுப்பைவிடப் புகை சூடா இருக்குமா? கரண்ட் வெளியே இருந்துதான் வருது."

நல்ல கேள்வி. கரோனாவின் சூட்டுக்கு விஞ்ஞானிகளிடமே இன்னும் ஒருமித்த பதிலில்லை.

"லைன் சரி சார், அனல் நிலையம் எங்கே?" என்றேன். விளக்கைப் பார்த்தால் நிலக்கரியை நினைக்கிற ஊர் இது. அந்தப் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் வெயில் குடித்த மரங்கள்தாம். மின்சாரச் சூரியன் எரிபொருள் கேள்வியை ஒரு கம்பி தூரம் தள்ளிவைக்கிறது, அவ்வளவே. அத்தனை மின்சாரம் சூரியனை நோக்கிப் பாய்வதாக எந்த விண்கலமும் அளந்ததில்லை.

அவர்களிடம் வலுவான வாதம் ஒன்றுதான் இருந்தது. சூரியனுக்குள் அணுக்கரு இணைவு நடந்தால் நியூட்ரினோக்கள் வரவேண்டும். அமெரிக்கத் தங்கச் சுரங்கமொன்றின் அடியில் டேவிஸ் எண்ணி 1968ல் வெளியிட்ட கணக்கில், எதிர்பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் துண்டு விழுந்தே கிடந்தது. 2001லும் 2002லும் கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்திலிருந்து பதில் வந்தது: மீதி, வழியில் வேறு வகை நியூட்ரினோவாக மாறியிருந்தது.

"வழியிலே மாறிடுச்சுங்கறதும் கதை மாதிரித்தானே இருக்கு" என்றார் பெரியவர்.

இருக்கிறது. வங்கியில் சாயங்காலம் கணக்கு உதைத்தால் நாங்களும் முதலில் கதைதான் சொல்லிப்பார்ப்போம். ஆனால் காணாத பணம் எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று எடுத்துக் காட்டாமல் வீட்டுக்குப் போகமுடியாது. சட்பரிக்காரர்கள் எல்லா வகையையும் சேர்த்து எண்ணினார்கள். மொத்தம் சரியாக வந்தது.