கண்மாய் நிறைந்த வருஷம்

பொங்கல் விளையாட்டு விழா மேடையில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். இரண்டு தெருப் பையன்களையும் ஒரே கால்பந்துக் குழுவில் சேர்த்து ஆட வைத்தவர் என்று மைக்கில் சொன்னார்கள். கைதட்டல் வேறு. மேடையிலேயே மறுத்துப் பேசினால் அதையும் தன்னடக்கக் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்று பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நான் செய்யவில்லை. செய்யப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு அது தானாக நடந்தது, அதுவும் நான் வேண்டாம் என்று நினைத்த ஒரு காரணத்தால்.

எங்கள் கிராமம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிற இடம். திருமலை நாயக்கருக்கு வயிற்றுவலி தீர்ந்தது இந்தச் சன்னதியில்தான் என்பார்கள். வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் கோயில் வாசலில் கூடித்தான் வேன் ஏறுவோம். வேனை எந்தத் தெருவில் நிறுத்தினாலும் அடுத்த தெருக்காரன், “நாங்க மட்டும் நடந்து வரணுமாக்கும்” என்பான். கோயில் வாசலுக்கு அந்த வம்பு இல்லை. கணுக்கால் சுளுக்கியவனின் அம்மா வைத்தியநாதருக்கு நேர்ந்துகொள்ளவும் அது வசதியாகப் போயிற்று.

பள்ளிக்கூட நாளில் நான் லெஃப்ட் பேக். முழங்கால் போன பிறகு விசிலும் நோட்டும்தான் மிச்சம். 2023 சித்திரையில் பந்து வாங்கப் பையன்கள் காசு கேட்டு வந்தார்கள். கொடுத்தவன் தலையிலேயே பொறுப்பும் விழுந்தது.

மைதானம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. தண்ணீர் வற்றிய கண்மாய்தான். உள்வாயில் கரம்பை மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கவனிக்காமல் ஓடினால் கால் வெடிப்புக்குள் போய்விடும். கரையோரமெல்லாம் சீமைக்கருவேலம். முள் குத்தாத பந்தை நாங்கள் பார்த்ததில்லை. சைக்கிள் கடைக்காரர் பிளாடரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல பஞ்சர் ஒட்டுன இடந்தான் அதிகம், ரப்பர் கம்மி” என்பார். இடத்துக்கு மட்டும் குறைவே இல்லை. விதிப்படி ஆடுகளம் 90 மீட்டருக்குக் குறையாமல் நீளம் இருக்க வேண்டும்; கண்மாய்க்குள் அதைப் போல நாலு போடலாம்.

கோளாறே அந்தத் தாராளத்தில்தான் இருந்தது. எங்கள் தெருப் பையன்கள் இடப்பக்கம் நிற்பார்கள், அடுத்த தெருப் பையன்கள் வலப்பக்கம். யாரும் பிரித்து நிறுத்தவில்லை; வந்து நிற்கும்போதே அப்படித்தான் நிற்பார்கள். பந்து அந்தந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் போய் வரும். கோல் வாயில் வலப்பக்கத்துப் பையன் ஆளில்லாமல் தனியே நிற்பான். எங்கள் லெஃப்ட் விங்கர் அவனை நன்றாகப் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தானே அடிப்பான். பந்து கருவேலங்காட்டுக்குள் போகும். “பந்துக்கு ஏதுடா தெரு” என்று நானும் வசனம் பேசினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மறுநாளும் பந்து கருவேலங்காட்டுக்குத்தான் போயிற்று.

அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அவர் பரிந்துரைத்தார். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. நாங்கள் பனியனுக்கு நிறம் தேடிக்கொண்டிருந்ததும் நாங்குநேரி நடந்த அந்த நாட்களில்தான். எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் அது யாரோ ஒருவருடைய கொடியாகிவிடும். கடைசியில் திருப்பூரிலிருந்து சாம்பல் நிறத்தில் வாங்கினோம். வேன் டிரைவர், “என்ன அண்ணாச்சி, மில் யூனிஃபார்மா?” என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதான். எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. எங்கள் பக்கமும் மலையிலிருந்து ஓடைகள் இரைந்துகொண்டு இறங்கின. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆயக்கட்டில் எங்களுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பா கைகூப்பி நின்றார். நானோ தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்த எங்கள் கோல்கம்பைப் பார்த்துக்கொண்டு, இந்த வருஷம் பொய்த்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சம்சாரி வீட்டில் பிறந்தவன் நினைக்கிற நினைப்பா இது? யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

போக்கிடம் இல்லாமல் பஞ்சாயத்து உலர்களத்துக்குப் போனோம். நாலு பக்கமும் முழங்கால் உயரத் திட்டு, நடுவில் சிமெண்ட் தரை. பக்கத்துக்கு ஐந்து பேர் நின்றாலே தோளோடு தோள் இடிக்கும். சிமெண்டில் பந்து துள்ளிக்கொண்டே இருந்ததால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஆடினோம். ஃபுட்சால் என்கிற ஆட்டம் பிறந்ததே இந்த மாதிரி நெருக்கடியில்தான். 1930-ல், முதல் உலகக் கோப்பை நடந்த அதே மான்டிவிடியோ நகரில், ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்குள் பையன்களை ஆட வைப்பதற்காக உருவாக்கியது. அதில் பந்து சிறியது, துள்ளலும் குறைவு. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது மழைக்கு ஒதுங்கிய இடம், அவ்வளவுதான்.

அங்கே இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பேச்சுக்கே வழியில்லை. பந்து காலுக்கு வந்த உடனே எதிரி மேலே விழுவான். தூக்கி அடித்தால் திட்டைத் தாண்டிச் சகதிக்குள் போகும். அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். ஆக, பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பக்கத்தில் நிற்பவன் யார் என்பதை மில்லின் ஷிப்ட் தீர்மானித்தது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் சாயங்காலம் வருகிற ஆட்களும் மாறினார்கள். ஒரு தெருவில் ஐந்து பேர் சேர்வது அபூர்வம். தையில் ஒருநாள் அந்த லெஃப்ட் விங்கர், அடுத்த தெருப் பையனுக்குக் குதிகாலால் ஒரு பந்து தட்டிவிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோல். நான் உருகிப்போய் அவனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தேன். அவனுக்கு விஷயமே புரியவில்லை. “கிட்ட நிக்கிறவனுக்குத்தான சித்தப்பா கொடுக்க முடியும், வேற எங்க கொடுக்க?” என்று கேட்டான்.

மாசியில் மக்காச்சோளம் காயப்போட வந்துவிட்டார்கள். உலர்களமும் போயிற்று. கண்மாய்க் கரையில் ஓடினோம், அவ்வளவுதான்.

2024 சித்திரை முடியும்போது கண்மாய் மறுபடி வற்றியது. அதே வெடிப்பு, அதே முள். ஆனால் அகலத்தில் இறங்கிய பிறகும் பையன்கள் நெருங்கியே ஆடினார்கள். பந்து குறுக்கே போயிற்று. அந்தக் கோடையில் எழுவர் கால்பந்துப் போட்டி ஒன்றில் காலிறுதி வரை போனோம். டை பிரேக்கரில் தோற்றோம். முன்பெல்லாம் தோற்றால் ஒவ்வொரு தெருவும் அடுத்த தெருவைத் திட்டும். இந்த முறை வேனில் எல்லோருமாகச் சேர்ந்து கோல் கீப்பரைத் திட்டினார்கள். அவன் எங்கள் தெரு. திட்டியவர்களிலும் எங்கள் தெருவே அதிகம்.

இதை வைத்து ஊர் திருந்திவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் அவரவர் டீக்கடைக்குத்தான் இன்றைக்கும் போகிறார்கள். எங்கள் தெருப் பையன்களுக்கு நான் சித்தப்பா, அடுத்த தெருப் பையன்களுக்கு இன்னும் சார். ஃபார்வர்டு ஒருவனுக்குக் கல்யாணம் நடந்தது. குழுவில் எத்தனை பேர் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எத்தனை பேர் மொய்க் கவரை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டில் எழுதவில்லை.

அடுத்த தலைவலி ஆரம்பித்தாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் பிள்ளைகள் ஆட இடம் கேட்கிறார்கள். 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது, 2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் ஹரியானாவை வென்று தேசிய சாம்பியன் ஆனது, எல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில். கடலூர் இந்துமதி கதிரேசன் அடித்த கோல்களை செல்போனில் எனக்கே போட்டுக் காட்டினார்கள். கேட்பது அதிகமில்லை: பையன்கள் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிற உலர்களத்தை, மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை. பையன்கள் கூடிப் பேசி, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த விஷயத்தில் இரண்டு தெருவும் அப்படி ஒரு ஒற்றுமை. உலர்களத்துக்கு விளக்கு கேட்டு பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். விளக்கு வந்தால் பையன்களை 7 மணிக்கு மேல் தள்ளிவிடலாம். பெண் பிள்ளைகளின் பெயர்களை நோட்டில் ஏற்றிவிட்டேன். இதைப் பையன்களிடம் இன்னும் சொல்லவில்லை.