தூக்கி வர முடிகிற தூரம்

"கரடி வேட்டைக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா?" என்று அலுவலக நண்பர் கேட்டபோது, விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, சுங்கைப்பட்டாணியில் படித்தவன் நான். வேலை என்னை அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகரான போய்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே எனக்கு அது மூன்றாவது வசந்தகாலம். நண்பருக்கு வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கி அவருடையது, உரிமமும் அவருடையது. தொலைநோக்கியில் பார்ப்பதும் சுமை தூக்குவதும்தான் என் வேலை என்றார்.

அன்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கரடியா? அது உன்னை என்னய்யா செய்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நம் நாட்டில் சூரியக் கரடி முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. அதைத் தொட்டாலே சிறைதான். அதனால் கரடி வேட்டை என்ற பேச்சே நமக்குக் காதில் இடிக்கும். வட அமெரிக்காவின் கருங்கரடி கதை வேறு. லட்சக்கணக்கில் இருக்கிறது. எத்தனை பேருக்கு உரிமம், எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எந்த முறையில் என்று மாநில வனவிலங்குத் துறை விதி வகுத்திருக்கிறது. குட்டியோடு இருக்கும் தாய்க் கரடியைச் சுடக்கூடாது. சுட்ட கரடியின் தோலையும் மண்டையோட்டையும் பத்து நாளுக்குள் துறையிடம் காட்ட வேண்டும்.

மறுநாள் மாலை நண்பர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தார். "எங்கே போகலாம் என்று நீ சொல்" என்றார்.

ஐடஹோவின் நிலத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பகுதி தேசியக் காடுகள். போய்சி தேசியக் காடு 1908இல் உருவானது. இவை பொதுமக்களின் நிலம். தோட்டத்து முதலாளியின் அனுமதி வேண்டாம், வாசலில் காவலாளி இல்லை. உரிமமும் பருவமும் சரியாக இருந்தால் யாரும் நடந்து போய் வேட்டையாடலாம். இவ்வளவு பரந்து கிடக்கும் நிலத்தில் எந்த மலைச்சரிவு என்பதுதான் கேள்வி.

முதலில் அவர் சில இடங்களை அடித்தார். கனடா எல்லையை ஒட்டிய வடக்கும், யெல்லோஸ்டோனை ஒட்டிய கிழக்கும் வேண்டாம். அங்கே கிரிஸ்லி கரடிகள் உண்டு. அவை 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கருங்கரடியே பழுப்பாகவும் இலவங்கப்பட்டை நிறத்திலும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் உண்டு, காது சிறியது, முகம் குழிந்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் தப்பாகப் பார்த்துவிட்டால் அது ஆயுளுக்கும் மறக்காத தப்பு.

அடுத்து கரடியின் வயிற்றைப் பற்றிச் சொன்னார். குளிர்காலம் முழுவதும் குகையில் படுத்திருந்துவிட்டு வசந்தத்தில் வெளியே வரும் கரடி, முதலில் தேடுவது புல்லைத்தான். தெற்கு நோக்கிய சரிவில் வெயில் அதிகம் படும். பனி அங்கே முதலில் உருகும், புல் அங்கே முதலில் முளைக்கும். அதனால் மே மாதத்தில் தெற்குச் சரிவுகளைப் பார்க்க வேண்டும். அதுவும் சரிவின் மேல் நின்று பார்க்கக் கூடாது. எதிர்ப்பக்க மலையில் உட்கார்ந்து, காற்று நம்மிடமிருந்து கரடிக்குப் போகாதபடி பார்க்க வேண்டும். கரடிக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிய காவல்.

இவ்வளவும் கேட்டபின் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாலை ஓரமாக ஒரு பச்சைச் சரிவைத் தொட்டேன். "சனிக்கிழமை அங்கே பத்து வண்டி நிற்கும்" என்றார். சாலைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய துண்டு தனியார் நிலமும் இருந்தது. அதை மிதிக்காமல் உள்ளே போக வழியில்லை.

இரண்டாவதாக, மாநிலத்தின் நடுவில் உள்ள ஃபிராங்க் சர்ச் வனப்பகுதியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கைக் காட்டினேன். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் இப்படிப்பட்ட வனங்களில் மோட்டார் வண்டி ஓடக்கூடாது. ஆள் நடமாட்டம் குறைவு, கரடிகள் நிச்சயம் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, அந்திப்பொழுதில் ஒரு கரடியைச் சுட்டாராம். இருட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே நடுராத்திரி ஆகிவிட்டது. கரடியின் தோலும் கொழுப்பும் உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். சீக்கிரம் உரித்து ஆறவைக்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். ஒற்றை ஆளாக மேலே சுமந்து வந்து சேர ஒன்றரை நாள். பகல் வெயில் வேறு. தொடைக்கறி முழுவதும் நாறிப்போனது.

"அதை வேட்டை என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை" என்றார். வரைபடத்தில் அந்தப் பள்ளத்தாக்கின்மேல் வைத்த விரலை நான் மெதுவாக எடுத்துவிட்டேன்.

மூன்றாவது இடத்தை நான் யோசித்துத்தான் சொன்னேன். போய்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். வண்டிகளுக்கு மூடப்பட்ட பழைய மரவெட்டுப் பாதையில் இரண்டரை கிலோமீட்டர் நடை. நடுவில் ஓர் ஓடை, அக்கரையில் தெற்கு நோக்கிய சரிவு. இக்கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓடையைக் கடக்க வரைபடத்தில் ஒரு நடைபாலமும் இருந்தது. "நல்ல இடம்" என்று நண்பர் சொன்னபோது, பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது.

மே கடைசி சனிக்கிழமை போனோம். ஓடையின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. பாலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கல் அடுக்கு மட்டும் நின்றது. பாலம் இல்லை. உருகிய பனித்தண்ணீர் ஓடையை ஆறாக்கியிருந்தது. காலை வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

வந்தது வந்தோம் என்று இக்கரையில் ஏறி உட்கார்ந்தோம். ஏழே முக்கால் மணி இருக்கும். எதிர்ச்சரிவில், மரங்களின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒன்று நகர்ந்து வந்தது. பால்மாடு மேய்வதைப்போல அவசரமே இல்லாமல் புல்லைத் தின்றது. குட்டி பின்னால் வருகிறதா என்று அரைமணி நேரம் பார்த்தோம். வரவில்லை. தூரம் சுமார் இருநூறு மீட்டர். காற்றும் எங்கள் முகத்தில்தான் அடித்தது. நண்பர் முதுகுப்பையின்மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்தார். எனக்கு இதயம் அடிப்பது காதில் கேட்டது.

அவர் கரடியைப் பார்த்தார். கீழே தண்ணீரைப் பார்த்தார். மறுபடி கரடியைப் பார்த்தார்.

"காலையில் தண்ணீர் கொஞ்சம் வடியும் அல்லவா?" என்று நான் மெல்லக் கேட்டேன். இரவின் குளிரில் பனி உருகுவது குறையும் என்று அவரே சொல்லியிருந்தார்.

"கொஞ்சம்தான் வடியும்" என்றார். பிறகு குண்டை வெளியே எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

ஒரு உயிர் தப்பியது என்று எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் அது பொய். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கம். வரைபடத்தில் பாலத்தைப் பார்த்தேனே தவிர, அந்த வரைபடம் எந்த ஆண்டுடையது என்று பார்க்கவில்லை. வட்டார வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இருட்டில் நடந்து திரும்பும்போது நண்பர் என்னைக் குறை சொல்லவில்லை. "நானும்தானே பார்க்காமல் விட்டேன்" என்றார்.

மறுநாள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு தாத்தாவைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் தாத்தா காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. விடியற்காலையில் பால்மரம் சீவப் போகும் வழியில் தன் கண்ணுக்குப் படுகிற இடத்தில் மட்டும்தான் வைப்பாராம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பன்றி நிறைய என்று மற்றவர்கள் கூப்பிட்டாலும் போகமாட்டாராம்.

"தினமும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் வைத்தால் அது கிடந்து துடித்துச் சாகும், கறியும் அழுகும், இரண்டு பாவம் என்பார் உன் தாத்தா" என்றார் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பாவம் எப்படியும் உண்டு" என்றும் சொன்னார்.

அம்மாவின் முதல் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. கரடி என்னை ஒன்றும் செய்யவில்லைதான்.

பருவம் முடிய இரண்டு வாரம் இருந்தது. திங்கட்கிழமை மதிய உணவு வேளையில் வரைபடத்தை மறுபடி விரித்தேன். இன்னொரு பகுதியில், இன்னொரு தெற்குச் சரிவு. வட்டார வன அலுவலகத்தின் எண்ணைத் தேடி அழைத்தேன். எடுத்த பெண் அதிகாரி, "கரடி எங்கே இருக்கிறது என்று கேட்கப் போகிறீர்களா?" என்றார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

"இல்லை. ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது? பாலம் இருக்கிறதா?" என்றேன்.