அக்காவின் துப்பாக்கியும் ஒரு பக் ஃபிக்ஸும்

அக்கா இருக்கறது டெக்ஸாஸ்ல. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு ஒரு மணிக்கு தனியா காரை நிறுத்திட்டு வீட்டுக்குள்ள வரணும். அந்த பார்க்கிங்ல ரெண்டு தடவை பயமுறுத்துற மாதிரி நடந்ததுக்கு அப்புறம் ஒரு பிஸ்டல் வாங்கினா. வாங்கலாமா கூடாதான்னு குடும்பத்துல நடந்த பட்டிமன்றம் தனிக்கதை. (நான் கூடாதுன்னு பேசின அணி. தீர்ப்பு எதிரணிக்கு.) வாங்கி மூணாவது வாரம் ஃபோன் வந்துச்சு.

"டேய், சுட்டுக்கிட்டு இருக்கும்போதே நின்னுடுதுடா. டிரிகர் அசையவே மாட்டேங்குது."

கடைக்காரர்கிட்ட கேட்டிருக்கா. பொம்பளைங்களுக்கு மணிக்கட்டு வலு பத்தாது, அதனாலதான் ஜாம் ஆகுதுன்னு சொல்லி அனுப்பிட்டாராம். அத்தானும் அதையே வழிமொழிஞ்சாச்சு. சனிக்கிழமை நானும் ரேஞ்சுக்குப் போனேன். முன்கூட்டியே சொல்லிடறேன், நான் எச்1பி ஆசாமி. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்கு இல்லாம இந்த விசாவுல இருக்கறவன் அமெரிக்காவுல துப்பாக்கியைக் கையில எடுக்கறதே குத்தம். அதனால காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, கையில செல்ஃபோன், அக்காவுக்குப் பின்னாடி ரெண்டடி தள்ளி நின்னேன். அவ்ளோதான் என் வீரம்.

அது 1911 வகை பிஸ்டல். நம்ம சினிமால ஹீரோ எந்தத் துப்பாக்கிய எடுத்தாலும் 'க்ளிக்'னு சேஃப்டிய எடுத்துவிடுவார். க்ளாக்ல அப்படி விரலால தள்ளுற லீவரே கிடையாது, அதுக்கும் சத்தம் போடுவாங்க. 1911ல நிஜமாவே உண்டு. பின்பக்கம், கட்டைவிரலுக்கு எட்டுற இடத்துல சின்ன லீவர். மேலே தள்ளினா பூட்டு, கீழே தள்ளினா சுடலாம். ஜான் பிரவுனிங் 1910ல கொடுத்த மாதிரியில முதல்ல இது இல்லை. குதிரைப்படைக்காரங்களுக்கு ஒரு கை கடிவாளத்துல இருக்கும், இன்னொரு கையாலேயே பூட்டிட்டு உறையில போடணும். அவங்களுக்காகத்தான் லீவர் வந்துச்சு. 1911 மார்ச்ல அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்டது லீவரோட இருந்த மாதிரியைத்தான்.

சரி, பக்குக்கு வருவோம். ஆபீஸ்ல ஆணி பிடுங்கும்போது முதல் கேள்வி என்னவா இருக்கும்? நின்னப்ப சிஸ்டம் எந்த நிலைமையில இருந்துச்சுங்கறதுதான். இங்கயும் அதேதான். அக்கா அஞ்சாவது குண்டுல நின்னா. முனையை இலக்கு பக்கமே வச்சுக்கிட்டு, விரலை டிரிகர்லேர்ந்து எடுத்துட்டு, அப்படியே அசையாம நிக்கச் சொல்லிட்டு எட்டிப் பாத்தேன். ஸ்லைடு முழுசா மூடியிருக்கு. ஹேமர் பின்னால இழுபட்டு தயாரா இருக்கு. லீவர் மேலே ஏறியிருக்கு.

கடைக்காரர் தியரி அங்கேயே அவுட். மணிக்கட்டு தளர்ந்தா ஸ்லைடு முழு தூரம் ஓடாது. காலி தோட்டா வெளியே விழாம சிக்கும், இல்ல அடுத்த தோட்டா பாதியில நிக்கும். இங்க ஓட்டம் ஒழுங்கா முடிஞ்சு ஹேமரும் ஏறியாச்சு. ஹேமர் விழுந்திருந்தா இந்த லீவர் மேலே போகவே போகாது. அதனால மட்டமான தோட்டாங்கற சந்தேகமும் காலி. இன்னொரு அடையாளமும் உண்டு: சேஃப்டி ஏறியிருந்தா ஸ்லைடும் பூட்டிக்கும். ஜாம்னு நினைச்சு ஸ்லைட இழுத்தா வராது. அக்கா பயந்ததே அதுக்குத்தான். மொத்தமா இறுகிடுச்சுன்னு நினைச்சுட்டா.

அப்ப லீவரை யார் தள்ளினாங்க?

மேகசினைக் கழட்டி, சேம்பர் காலின்னு ரெண்டு பேரும் பாத்தப்புறம், அக்காவை லீவரை மேலயும் கீழயும் தள்ளச் சொன்னேன். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு குச்சி மாதிரி ஊசி. அதுதான் லீவரை இடத்துல பிடிச்சு வைக்குது. ஸ்பிரிங் செத்துப்போயிருந்தாலோ, ஊசி உட்கார்ற பள்ளம் தேஞ்சிருந்தாலோ, லீவர் கொழகொழன்னு ஆடும். இது டக் டக்குன்னு நல்லா உட்கார்ந்துச்சு.

மிச்சம் இருக்கறது கை. ஃபோன்ல நொடிக்கு 240 ஃபிரேம் வச்சு இடது பக்கத்துலேர்ந்து எடுத்தேன். அக்கா கட்டைவிரலை லீவருக்குக் கீழே வச்சிருந்தா. சுட்டதும் பிஸ்டல் கையில எகிறுது, விரல் லீவரை கீழேர்ந்து முட்டுது. இதுக்கு மருந்து எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: விரலை லீவர் மேலேயே சவாரி பண்ண விடணும். சின்னக் கைக்கு அதுல ஒரு தொல்லை. விரலைத் தூக்கினா உள்ளங்கை பின்னால இருக்கற கிரிப் சேஃப்டியை சரியா அமுக்காம போகலாம், அப்பவும் சுடாது. அக்காவோடதுல அந்த இடத்துல மேடு வச்சிருந்ததால தப்பிச்சுது. விரல் மேலே போச்சு. ரெண்டு மேகசின் சுத்தமா ஓடுச்சு.

மூணாவதுல மறுபடி ஏறிடுச்சு!

அத்தான் "நான்தான் சொன்னேனே மாப்ள"ன்னாரு. நான் வலது பக்கம் போய் நின்னு எடுத்தேன். அங்கதான் ஆசாமி உட்கார்ந்திருந்தான். இது ரெண்டு பக்கமும் லீவர் வச்ச மாடல், இடதுகைக்காரங்களுக்கும் சேர்த்து. இடது, வலது ரெண்டும் உள்ளுக்குள்ள கோத்திருக்கும், ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் ஏறும். டிரிகர் எட்டணுமேன்னு அக்கா கையைக் கொஞ்சம் வலப்பக்கமா சுத்திப் பிடிக்கறா. அவளோட ஆள்காட்டி விரலின் அடிமூட்டு நேரா வலது லீவருக்குக் கீழே. ஒவ்வொரு உதைக்கும் ஒரு முட்டு. பெரிய கைக்கு டிசைன் பண்ணி, அப்புறம் சின்னக் கையை 'வலு இல்லை'ன்னு சொல்றதுல என்ன நியாயம்? எனக்குக் கோவமே வந்துச்சு.

அக்கா கேட்டது வேற. "தானா மேலே ஏறுதுன்னா தானா கீழயும் இறங்குமாடா?" வீட்டுல ஆறு வயசுப் பையன் இருக்கான்.

நியாயமான கேள்வி. வலது இடுப்புல உறை மாட்டினா அந்த வலது லீவர்தான் வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கும். சீட் பெல்ட்டோ கதவோ உரசினா கீழே இறங்க வாய்ப்பு உண்டு. பையன் விஷயத்துல லீவர் மேலேயா கீழேயாங்கறதே பேச்சு இல்லை, பூட்டின பெட்டிதான். டெக்ஸாஸ்ல 17 வயசுக்குக் கீழே இருக்கற பிள்ளைக்கு எட்டுற மாதிரி அஜாக்கிரதையா விட்டா சட்டமும் சும்மா விடாது. பெட்டியை அன்னிக்கு சாயங்காலமே வாங்கிட்டோம்.

அத்தான் அரத்தை எடுத்துட்டு வந்தாரு, நானே ராவிடறேன்னு. வேண்டவே வேண்டாம்னேன். லீவரோட உள்பாகம்தான் ஹேமரைப் பிடிச்சிருக்கற சியரைத் தடுக்குது. அது ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனியா பொருத்துற சாமான். தப்பா ராவினா வெளியே பூட்டின மாதிரி தெரியும், உள்ளே பூட்டாது. கன்ஸ்மித்கிட்ட கொடுத்தோம். வீடியோவைப் பாத்துட்டு, உள்பாகத்தைத் தொடாம, வலது லீவரோட வெளி இறக்கையை மட்டும் ஒடுக்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா 150 ரவுண்டு சுட்டா. ஒரு தடவைகூட ஏறலை. ஒருவேளை ஏறினா ஸ்லைடோட மல்லுக்கட்டாம கட்டைவிரலால கீழே தள்ளிட்டுத் தொடரணும்னும் காலி பிஸ்டல்ல பழகிட்டு இருக்கா.

அத்தான் மட்டும் இன்னும் மணிக்கட்டு தியரியை விடலை. வலது பக்க வீடியோவை மூணு தடவை ஃபார்வர்ட் பண்ணிட்டேன்.