எங்கள் எம்.எல்.ஏ.வின் 176

திருவெறும்பூர் டீக்கடையில் இன்று ஜனாதிபதி தேர்தல் பேச்சு. "நாமதான் ஓட்டே போடறதில்லையே" என்றார் ஒரு பெரியவர். நமக்காக எம்.எல்.ஏ. போடுகிறார், அந்த ஓட்டின் மதிப்பு 176 என்றேன். 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட மதிப்பு அது, இன்னும் மாறவில்லை!

பெரிய வெற்றி என்றால் எனக்குக் கலாம்தான். நம்ம திருச்சி ஜோசப் காலேஜில் படித்தவர். 2002-ல் அவருக்குக் கிடைத்த ஓட்டு மதிப்பு 9,22,884; எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமிக்கு 1,07,366. முடிவு முன்பே தெரிந்த போட்டி.

ஆனால் 1969? அப்பப்பா! காங்கிரஸ் வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி; எதிரே வி.வி.கிரி. அதே கட்சியின் பிரதமர் இந்திராவோ "மனசாட்சிப்படி போடுங்கள்" என்றுவிட்டார். முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்த தேஷ்முக்கின் சீட்டுகளில் இருந்த இரண்டாம் விருப்பத்தையும் எண்ணிய பிறகே வி.வி.கிரி கரையேறினார்: 4,20,077-க்கு 4,05,427. சில மாதங்களில் கட்சியே இரண்டாகப் பிளந்தது.

தோற்ற ரெட்டி 1977-ல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதியானார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "அப்ப அந்த வருஷம் நம்ம 176-க்கும் வேலையில்லை" என்றார்.